அசோபென்சீன் படலத்தில் கீற்றணி எழவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் முறை

திரையில் முதல் வரிசைப் புள்ளி (கீற்றணி விலக்கிய ஒளி நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் விழும் புள்ளி) வரவில்லை, அல்லது வந்து மங்கிப்போகிறது என்றதும் கை தானாக ஆடியின் திருகுக்குப் போகும். அங்கே போக வேண்டாம். அசோபென்சீன் (ஒளி பட்டால் வடிவம் மாறும் சாயம்) கொண்ட திரவப்படிகப் பாலிமர் படலத்தில் ஒளியால் கீற்றணியை, அதாவது ஒளியைப் பிரித்து விலக்கும் நெருக்கமான கோட்டு வரிசையை, எழுதும்போது கெடுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. ஒன்று படலம். அடுத்தது ஒளியின் நிறமும் தளவிளைவும், அதாவது அதன் மின்புலம் அதிரும் திசையும். மூன்றாவது, இரண்டு கற்றைகள் சந்திப்பதால் விழும் ஒளி-இருள் கோடுகளான குறுக்கீட்டுப் பட்டைகள் அசையாமல் நிற்கின்றனவா என்பது. எது கெட்டாலும் திரையில் தெரிவது ஒரே மங்கல் புள்ளிதான். பிரித்தறியாமல் கைவைத்தால் சரியாக இருந்ததும் கலைந்துவிடும்.

பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி, தென்காசி வட்டார ஆய்வகங்களை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. காற்றில் மிதக்கும் ஆப்டிகல் மேசை எல்லோரிடமும் இருக்காது. ஏசி நாள் முழுக்க ஓடாது. ஆடி மாதத்தில் மேல்காற்று ஜன்னலை உலுக்கும், ஐப்பசியில் ஈரம் சுவரில் கசியும், அக்னி நட்சத்திரத்தில் அறைக்குள்ளேயே 38, 39 டிகிரி நிற்கும். இவை ஒவ்வொன்றும் படலத்தில் தன் தடத்தை விடும்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம். எழுதும் லேசர் 532 அல்லது 488 நானோமீட்டர். இரண்டு கற்றைகள், ஒவ்வொன்றும் 40 மில்லிவாட், படலத்தில் 1 செ.மீ. விட்டம். கூட்டினால் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 100 மில்லிவாட். படலத் தடிமன் அரை முதல் ஒரு மைக்ரோமீட்டர். படிக்கும் லேசர் 633 நானோமீட்டர் ஹீலியம்-நியான், 1 மில்லிவாட்டுக்குள். பட்டை இடைவெளி 2 மைக்ரோமீட்டர். அலைநீளத்தை, பாதிக்கோணத்தின் சைன் மதிப்பைப் போல் இரு மடங்கால் வகுத்தால் இடைவெளி வரும். 532-க்கு 2 மைக்ரோமீட்டர் வேண்டுமென்றால் பாதிக்கோணம் 7.6 டிகிரி, 1 மைக்ரோமீட்டர் வேண்டுமென்றால் 15.4 டிகிரி.

கண் பத்திரம். இந்த அளவு லேசரின் நேர்க்கற்றை மட்டுமல்ல, தெறிப்பும் விழித்திரையைச் சுடும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிட்டு வேலை தொடங்குங்கள். பச்சை டிபிஎஸ்எஸ் (டயோடு லேசரால் இயங்கும் திண்ம) லேசர்களில் 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பும் கசியும். போட்டிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அந்த அலைநீளங்களையும் தடுக்கிறதா என்று விளிம்பில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

முதல் வேலை: ஒற்றைக் கற்றைச் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதிலிருந்து தொடங்குங்கள். ஓர் எழுதும் கற்றையை மூடிவிடுங்கள். படிக்கும் சிவப்புக் கற்றையின் பாதையில், படலத்துக்கு முன்னும் பின்னும் ஒரு தளவிளைவு ஆக்கி (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) வைத்து, இரண்டையும் குறுக்காகத் திருப்பி இருட்டாக்குங்கள். மிச்சமுள்ள எழுதும் கற்றையின் தளம் அவற்றுக்கு 45 டிகிரியில் இருக்கட்டும். ஷட்டரைத் திறந்தால் சில நொடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள், பின் ஆக்கிக்கு அப்பால் ஒளியை அளக்கும் போட்டோ டயோடின் அளவு ஏற வேண்டும். அசோ மூலக்கூறுகள் டிரான்ஸ் (நீண்ட வடிவம்), சிஸ் (வளைந்த வடிவம்) என்று மாறி மாறிப் புரண்டு, ஒளியின் தளத்துக்குச் செங்குத்தாகப் போய்ப் படுக்கின்றன. அதனால் எழும் இரட்டை ஒளிவிலகலைத்தான் (திசைக்குத் திசை ஒளிவிலகல் எண் மாறுவதைத்தான்) இங்கே பார்க்கிறோம். அரை மைக்ரோமீட்டர் படலத்தில் இரட்டை ஒளிவிலகல் 0.1 எழுந்தால், விழுந்த சிவப்பு ஒளியில் சுமார் 6% கடந்து வரும்.

அளவு ஏறினால் படலமும் நிறமும் குற்றமற்றவை, பிழை பட்டைகளில் இருக்கிறது. ஏறாவிட்டால் பட்டைகளைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு சோதனை பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஒற்றைக் கற்றையிலேயே ஒன்றும் எழவில்லை

முதலில் உட்கவர் நிறமாலையை, அதாவது எந்த நிறத்தைப் படலம் எவ்வளவு விழுங்குகிறது என்பதைப் பாருங்கள். எழுதும் அலைநீளத்தில் படலத்தின் உட்கவர் அளவு 0.3-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. 0.05-க்குக் கீழே என்றால் லேசர் சும்மா ஊடுருவிப் போகிறது. 2-க்கு மேலே என்றால் 99% ஒளி முன் அடுக்கிலேயே தீர்ந்துவிடும், அடிப்பக்கம் எழுதப்படாது.

இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. டிஸ்பர்ஸ் ரெட் 1 வகை, அதாவது ஒரு முனையில் அமினோவும் மறுமுனையில் நைட்ரோவும் உள்ள சாயம், 490 நானோமீட்டர் பக்கம் உச்சம் கொண்டது. 532 அதற்குப் பொருந்தும். ஆறு கார்பன் இடைச்சங்கிலியும் மெத்தாக்சி வாலும் உள்ள மெத்தக்ரிலேட் திரவப்படிகப் பாலிமரின் உச்சமோ 360-ஐ ஒட்டி இருக்கும். பச்சை அதன்மேல் மணிக்கணக்கில் விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. 488-இல் 440-ஐ மையமாகக் கொண்ட பலவீனமான பட்டையின் வால் கிடைக்கும், அது மெதுவாகவாவது எழுதும். படலம் கண்ணுக்கு வெளிர்மஞ்சள் என்றால் பச்சை லேசரை எடுக்காதீர்கள். ஆரஞ்சு-சிவப்பு என்றால் எடுக்கலாம்.

நிறமாலை சரியாக இருந்தும் எழவில்லை என்றால், படலத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தினீர்களா என்று யோசியுங்கள். திரவப்படிகப் பாலிமரை டீஜிக்கு (கண்ணாடி போல இறுகியது இளகத் தொடங்கும் வெப்பநிலை) மேலே, தெளிவு வெப்பநிலைக்கு (திரவப்படிக அடுக்கு கலைந்து படலம் தெளியும் இடம்) கீழே வைத்திருந்தால் அசோ கிளைகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக எழுந்து நின்றுவிடும். நேராக விழும் ஒளியின் மின்புலம் அவற்றின் நீளத்துக்குக் குறுக்காகப் போகும், பிடிக்க ஒன்றும் இருக்காது. அடையாளம்: பதப்படுத்தியபின் உட்கவர் அளவு நன்றாக இறங்கியிருக்கும். இன்னொன்று: குறுக்குத் தளவிளைவு ஆக்கிகளுக்கிடையே நேராகப் பிடித்தால் கறுப்பு, 30, 40 டிகிரி சாய்த்தால் ஒளி கசியும். சாய்க்கும் அச்சு ஆக்கிகளுக்கு 45 டிகிரியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கசிவு தெரியாது.

இதைக் கலைக்க, தெளிவு வெப்பநிலைக்கு 10 டிகிரி மேலே 5 நிமிடம் வைத்து, கையோடு தடித்த அலுமினியக் கட்டியின்மேல் போட்டுக் குளிர்வியுங்கள். மெத்தாக்சி வகைக்குத் தெளிவு வெப்பநிலை 130 டிகிரியை ஒட்டி இருக்கும், ஆனால் உங்கள் தொகுப்பின் டிஎஸ்சி (சூடேற்றி வெப்ப மாற்றங்களை அளக்கும் முறை) வரைபடத்தை நம்புங்கள், புத்தக எண்ணை அல்ல. இன்னொரு வழி, 365 நானோமீட்டர் விளக்கில் இரண்டு மூன்று நிமிடம் காட்டி, சிஸ் வடிவத்தை நிறைய ஆக்கி அடுக்கைக் குலைத்துவிட்டு உடனே 488-இல் எழுதுவது. படலத்தின் உச்சம் கரைசலின் உச்சத்தைவிடப் பத்து இருபது நானோமீட்டர் நீலப்பக்கம் தள்ளியிருந்தால் கிளைகள் ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அதற்கும் இந்த மருந்துதான்.

ஒற்றைக் கற்றை சரி, கீற்றணி மட்டும் இல்லை

பட்டைகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். படலத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் 40 மடங்கு நுண்ணோக்கிப் பொருளருகு லென்ஸை வையுங்கள். இரண்டு கற்றைகளும் அதன் வாய்க்குள் சந்திக்கட்டும். திறனை ஒரு மில்லிவாட்டுக்குக் குறைத்துவிட்டு 2 மீட்டர் தள்ளியிருக்கும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். 2 மைக்ரோமீட்டர் பட்டைகள் அங்கே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கோடுகளாக விழும்.

கோடே இல்லை என்றால் இரண்டு காரணம்தான். ஒன்று, நீங்கள் வலவட்டம்-இடவட்டம் (மின்புலம் ஒன்றில் வலமாகவும் மற்றதில் இடமாகவும் சுழலும் கற்றைகள்) போன்ற, ஒன்றுக்கொன்று நேர் எதிரான செங்குத்துத் தளவிளைவு இணையை வைத்திருக்கிறீர்கள். அங்கே ஒளிச்செறிவு எங்கும் சமம், தளத்தின் திசை மட்டுமே இடத்துக்கு இடம் சுழலும். லென்ஸுக்குப் பின்னால் ஒரு தளவிளைவு ஆக்கியைப் பிடியுங்கள், கோடுகள் உடனே தோன்றும். ஆக்கியைத் திருப்பினால் அவை பக்கவாட்டில் ஊர்ந்து, 90 டிகிரியில் அரை இடைவெளி நகர்ந்திருக்கும். அப்படி நகர்ந்தால் உங்கள் தளவிளைவு அமைப்பும் சரி என்று சேர்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது காரணம் ஓரியல் நீளம், அதாவது இரு பாதைகளுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் வரை பட்டை கிடைக்கும் என்பது. விலை குறைந்த பச்சை மாட்யூலில் பல முறைமைகள் (சற்றே வேறுபட்ட அலைநீளங்கள்) ஒன்றாக ஓடும். நிறத்தின் அகலம் 0.1 நானோமீட்டர் என்றால் ஓரியல் நீளம் 3 மில்லிமீட்டருக்குள். இரண்டு கையின் பாதை நீளமும் அதற்குள் ஒத்துப்போகாவிட்டால் பட்டை கிடையாது. கற்றைப் பிரிப்பானிலிருந்து படலம் வரை இழுத்தால் நீளாத நூலை ஆடி ஆடியாகப் பிடித்து அளந்து, நீளமான கையைக் குறுக்குங்கள். பிறகு ஓர் ஆடியை நகர்வு மேசையில் வைத்து அரை அரை மில்லிமீட்டராகத் தள்ளி, சுவரில் கோடுகள் எப்போது கறுக்கின்றன என்று பாருங்கள். ஒற்றை முறைமை லேசர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதுவும் சூடேறி நிலைக்க 20, 30 நிமிடம் கொடுக்க வேண்டும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் யுபிஎஸ் வழியே ஓட்டுங்கள், இல்லாவிட்டால் முறைமை தாவிக்கொண்டே இருக்கும்.

கோடுகள் இருக்கின்றன, ஆனால் நடுங்குகின்றன அல்லது நகர்கின்றன என்றால், நம் ஊரில் பெரும்பாலும் வழக்கு இதுதான். சுவரில் ஒரு கோட்டின்மேல் பென்சிலால் குறி வைத்து, நீங்கள் எழுதப்போகும் நேரம் முழுக்கப் பாருங்கள். பத்து நிமிடம் எழுதுவதென்றால் பத்து நிமிடமும் பார்க்க வேண்டும். இடைவெளியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் நகர்ந்தால் கீற்றணி அழிந்து அழிந்து எழுதப்படும்.

வேகமான நடுக்கம் மேசையிலிருந்தோ காற்றிலிருந்தோ வருகிறது. முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், அதைவிடப் பெரிய குற்றவாளி அறையில் இல்லை. அடுத்து ஏசியின் வாய். பிறகு ஜன்னல்: ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கதவிடுக்கிலும் நுழையும். கற்றைகளின் பாதை முழுவதையும் அட்டைப்பெட்டிச் சுரங்கம் போல மூடிவிட்டால் பாதி நடுக்கம் அடங்கும். மேசைக்கு, 40, 50 கிலோ கடப்பைக்கல் பலகையைப் பாதி காற்றடித்த ஸ்கூட்டர் டியூபுகளின்மேல் வையுங்கள். டியூபை நிறைய அடித்தால் பயனில்லை, அழுத்தினால் கல் மெதுவாக அமுங்கி எழ வேண்டும். ஆடித் தாங்கிகளைக் கல்லிலிருந்து 10 செ.மீ. உயரத்துக்குமேல் தூக்காதீர்கள். ஜல்லி லாரி ஓடும் சாலையோரக் கட்டடம் என்றால் தரைத்தளத்தில், இரவு பத்து மணிக்குப் பிறகு எழுதுங்கள்.

மெதுவான நகர்வு வெப்பத்தால் வருவது. லேசரின் விசிறி ஒரு கைக்கு மட்டும் சூடான காற்றை ஊதுகிறதா, ஒரு தாங்கி இரும்பும் மற்றொன்று அலுமினியமுமா என்று பாருங்கள். அறைக்குள் நுழைந்து அரைமணி நேரம் எல்லாவற்றையும் ஓடவிட்டு, வெளியே வந்து, ஷட்டரை வெளியிலிருந்து திறப்பது நல்லது. ஆள் நிற்பதே ஒரு அடுப்பு.

எதுவும் அடங்கவில்லையா? லாயிட் ஆடிக்கு மாறுங்கள். விரித்து இணையாக்கிய ஒரே கற்றை. படலத்துக்குச் செங்குத்தாக, விளிம்பு ஒட்டி ஓர் ஆடி. இரண்டும் ஒரே எல் வடிவத் தாங்கியில் இறுகியிருக்கும். கற்றையின் பாதி நேராகப் படலத்தில், மறுபாதி ஆடியில் பட்டுப் படலத்தில். இரண்டு கையும் ஒன்றாகவே ஆடுவதால் பட்டை நகராது. ஆடியின் விளிம்பை ஒட்டிய பகுதியில் பாதை வித்தியாசமும் மிகக் குறைவு, மலிவு லேசரிலும் பட்டை கிடைக்கும். தாங்கியைச் சுழற்றினால் இடைவெளி மாறும். குறை ஒன்றுதான்: ஒவ்வொரு கற்றைக்கும் தனித்தனித் தளவிளைவு வைக்க வசதியில்லை. மேடுபள்ளக் கீற்றணிக்கு (படலத்தின் மேற்பரப்பே அலை அலையாக எழுவதற்கு) மட்டும் என்றால் சிறு ஆய்வகத்துக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது.

புள்ளி வருகிறது, ஆனால் மிக மங்கல்

குறை இருக்கிறதா என்பதையே முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பை (3.14), ஒளிவிலகல் எண் ஏற்ற இறக்கத்தின் வீச்சு, தடிமன் மூன்றையும் பெருக்கி அலைநீளத்தால் வகுத்து வர்க்கம் எடுத்தால் முதல் வரிசைத் திறன் தோராயமாக வரும். வீச்சு 0.05, தடிமன் 1 மைக்ரோமீட்டர் என்றால் 6%. அதே பொருள் 200 நானோமீட்டர் படலத்தில் கால் சதவீதம்தான். மெல்லிய படலத்தில் கால் சதவீதம் வந்தால் அது வெற்றி, ஏங்க ஒன்றுமில்லை. கூடுதல் வேண்டுமென்றால் தடிமனைக் கூட்டுங்கள்.

இரண்டு கற்றையின் திறன் சமமில்லை என்பதற்காக மெனக்கெட வேண்டாம். ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு இருந்தாலும் பட்டையின் தெளிவு 94%. நான்கு மடங்கு வித்தியாசத்தில்கூட 80%. செங்குத்துத் தளவிளைவு இணையில் மட்டும் சமநிலை முக்கியம், அங்கே சமமில்லாவிட்டால் நேர்த்தளம் நீள்வட்டமாகிவிடும்.

திறன் அளவியை அப்படியே நம்பாதீர்கள். டிபிஎஸ்எஸ்ஸின் அகச்சிவப்பும் அதில் சேர்ந்து கூட்டிக் காட்டும். அகச்சிவப்பை வெட்டும் வடிகட்டி ஒன்றைப் போட்டு மறுபடி அளந்தால் 40 மில்லிவாட் என்று நினைத்தது எவ்வளவு என்று தெரியும்.

புள்ளி விழும் இடத்தையும் பாருங்கள். 2 மைக்ரோமீட்டர் கீற்றணியில் 633-இன் முதல் வரிசை, 1 மீட்டர் தள்ளிய திரையில் நடுப்புள்ளியிலிருந்து 33 செ.மீ. விலகி விழும். 1 மைக்ரோமீட்டருக்கு 82 செ.மீ. டயோடைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டு மங்கல் என்று சொல்வதும் உண்டு.

எழுதும்போதே ஏறி, பிறகு இறங்குகிறது

அதிகமாக எழுதிவிட்டோம் என்று முடிவு கட்டும் முன் எண்ணைப் பாருங்கள். மெல்லிய சைன் வடிவக் கீற்றணியில் முதல் வரிசை 33.9% வரை ஏறித்தான் அந்தக் காரணத்தால் இறங்கும். அப்போது நடுப்புள்ளி மங்கி, இரண்டாம் வரிசை பளிச்சென்று இருக்கும். 3% தொட்டுவிட்டு இறங்குவது அதிகம் எழுதியதால் அல்ல.

இறங்கி, நிமிடங்கள் கழித்து மறுபடி ஏறினால் அது பட்டை நகர்வு. அரை இடைவெளி நகர்ந்த புதிய பட்டை பழையதை அழித்துவிட்டுத் தன்னை எழுதிக்கொள்கிறது. இரண்டு கற்றையையும் மூடியதும் இறக்கம் நின்று, அளவு கொஞ்சம் மேலே எழும்பினால் படலம் சூடாகியிருக்கிறது, செறிவைப் பாதியாக்கி நேரத்தைக் கூட்டுங்கள். படலத்தின் நிறமே வெளிறி, உட்கவர் அளவு மறுநாளும் திரும்பவில்லை என்றால் சாயம் ஆக்சிஜனோடு சேர்ந்து அழிகிறது. எழுதும் இடத்தில் நைட்ரஜனை மெதுவாக விடுங்கள். வேகமாக விட்டால் அதுவே காற்றாகிப் பட்டையை ஆட்டும்.

லேசரை அணைத்தபின் விழுகிறது

சில நொடிக்குள் ஒரு பங்கு விழுந்து நின்றுவிட்டால் அது இயல்பு. நைட்ரோ-அமினோ வகையில் சிஸ் வடிவம் நொடிகளில் டிரான்ஸுக்குத் திரும்பும், சரியாகப் பூட்டிக்கொள்ளாத மூலக்கூறுகள் கலையும். நல்ல திரவப்படிகப் படலம் டீஜிக்குக் கீழே இருந்தால் மிச்சத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

நிற்காமல் மணிக்கணக்கில் வடிந்தால் அறை வெப்பநிலைக்கும் டீஜிக்கும் இடைவெளி போதவில்லை. பாலிமரின் டீஜி 65 என்று தாளில் இருக்கலாம். ஆனால் படலத்துக்குள் சில சதவீதம் கரைப்பான் தங்கியிருந்தாலும் அது பத்து டிகிரிக்குமேல் இறங்கும். சித்திரை வெயிலில் மின்சாரம் நின்ற அறையில் அந்தப் படலம் இளகுகிறது. வெற்றிட அடுப்பில் 40, 45 டிகிரியில் ஓர் இரவு முழுக்க உலர்த்தி, பிறகு தெளிவு வெப்பநிலைக்கு மேலே 5 நிமிடம் வைத்துக் கட்டியில் குளிர்வித்துவிட்டு எழுதுங்கள்.

படிக்கும் கற்றையே அழிக்கிறதா என்றும் பாருங்கள். சிவப்பை ஐந்து நிமிடம் மூடித் திறந்து, விழும் வேகம் குறைந்திருந்தால் அதுதான். டியூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும்கூட அழிக்கும், எழுதிய படலத்தைக் கறுப்புத் தாளில் சுற்றி வையுங்கள்.

புள்ளி உண்டு, மேடுபள்ளம் இல்லை

படலத்துக்குள் எழும் இரட்டை ஒளிவிலகல் கீற்றணியும், மேற்பரப்பே அலை அலையாக எழும் மேடுபள்ளமும் வேறு வேறு. தளவிளைவு முறையில் கீற்றணி எழுதுவதை 1984-இல் டோடோரோவ், நிக்கோலோவா, டொமோவா மூவரும் மெத்தில் ஆரஞ்சு கலந்த பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) படலத்தில் காட்டினார்கள். மேடுபள்ளம் 1995-இல்தான், கனடாவில் ரோஷோன், நட்டான்சோன் குழுவும், அமெரிக்காவில் சுகாந்த் திரிபாதி, ஜயந்த் குமார் குழுவும் தனித்தனியே வெளியிட்டபோது தெரியவந்தது. முன்னது நொடிகளிலும் நிமிடங்களிலும் எழும். பின்னதுக்குச் சதுர செ.மீ.க்கு 100 மில்லிவாட் செறிவில் 10 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், ஏனென்றால் பாலிமர்ச் சங்கிலியே இடம்பெயர வேண்டும்.

ஏஎஃப்எம் (மேற்பரப்பின் உயரத்தை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கி) கையில் இல்லாதவர்கள் மருந்துக்கடை கிளிசரினை வைத்தே இரண்டையும் பிரிக்கலாம். முதல் வரிசையின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். படலத்தை நகர்த்தாமல் அதன்மேல் ஒரு சொட்டு கிளிசரின் வைத்து, குமிழி இல்லாமல் மெல்லிய மூடுகண்ணாடியைச் சாய்த்து இறக்குங்கள். மறுபடி அளவு எடுங்கள். படலத்தின் ஒளிவிலகல் எண் 1.6 என்றால் காற்றோடு வித்தியாசம் 0.6, கிளிசரினோடு 0.13. மேடுபள்ளத்தால் வந்த பங்கு இருபதில் ஒன்றாகச் சுருங்கிவிடும். உள்ளே இருக்கும் இரட்டை ஒளிவிலகல் பங்கு அப்படியே நிற்கும். அளவு 2 சதவீதத்திலிருந்து 0.1-க்கு விழுந்தால் முழுக்க மேடுபள்ளம், 1.9-இல் நின்றால் மேடுபள்ளம் இல்லவே இல்லை. மெத்தக்ரிலேட் படலங்களைக் கிளிசரின் ஒன்றும் செய்யாது, வடிநீரில் அலசினால் போய்விடும். பிவிஏ படலத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், தண்ணீர் பட்டால் கரையும். ஓர் ஒப்பீட்டு எண்: மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 100 நானோமீட்டர் உயரம் இருந்தால் முதல் வரிசை 2% அளவில் வரும்.

மேடுபள்ளம் எழாததற்குப் பெரும்பாலும் தளவிளைவு இணைதான் காரணம். இரு கற்றையின் தளவிளைவும் விழுதளத்துக்கு (இரு கற்றைகளும் கிடக்கும் தளத்துக்கு) செங்குத்தாக இருந்தால் ஒளிச்செறிவு நன்றாக ஏறி இறங்கும், ஆனால் மேடு மிகச் சிறியது. ஏனென்றால் பாலிமர் நகர, பட்டைக்குக் குறுக்கான திசையில் மின்புலத்தின் கூறு வேண்டும். இரண்டும் விழுதளத்துக்குள் இருந்தால் நல்லது. கூட்டல் 45, கழித்தல் 45 இணையும், வலவட்டம்-இடவட்டம் இணையும் இன்னும் நல்லது. ஒன்று செங்குத்து, ஒன்று கிடை என்ற இணையில் எதிர்பார்க்கவே வேண்டாம். இணை சரியாக இருந்தும் எழவில்லை என்றால் மூலக்கூறு எடையைப் பாருங்கள், லட்சத்தைத் தாண்டினால் சங்கிலிகள் பின்னிக்கொண்டு நகராது. குறுக்குப் பிணைப்பு போட்ட பாலிமரிலும் அதே கதை.

கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று வரிசைப் புள்ளிகள் (நடுப்புள்ளிக்கு இருபுறமும் விழுபவை) சமமில்லை

வட்ட இணையில் எழுதிய கீற்றணியை நீள்வட்ட ஒளியால் படித்தால் ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் மங்கல். அது பிழை அல்ல, அந்தக் கீற்றணியின் குணமே அது. படிக்கும் கற்றையில் நல்ல தளவிளைவு ஆக்கி போட்டு நேர்த்தளமாக்கினால் இரண்டும் சமமாகும். கால் அலைத் தகட்டால் வட்டமாக்கினால் ஒரு வரிசை கிட்டத்தட்ட அணைந்தே போகும். அப்படி அணைந்தால் வாழ்த்துகள், உங்கள் கீற்றணி சுத்தமான தளவிளைவுக் கீற்றணி.

அணையவில்லை என்றால் எழுதும்போதே வட்டம் கோணியிருக்கிறது. 532-க்கான கால் அலைத் தகட்டை 488-இல் வைத்தால் 90 டிகிரிக்குப் பதில் 98 டிகிரி கட்ட வேறுபாடு வரும். அதைவிட அடிக்கடி நடப்பது, தகட்டுக்குப் பிறகு ஆடி வைப்பது. 45 டிகிரியில் நிற்கும் உலோக ஆடி வட்டத்தை நீள்வட்டமாக்கிவிடும். கால் அலைத் தகடு எப்போதும் படலத்துக்கு முந்திய கடைசிப் பொருளாக இருக்கட்டும்.

புள்ளியைச் சுற்றி ஒளிப்புகை, படலம் மங்கல்

முதலில் புகை படலத்திலிருந்துதானா என்று பாருங்கள். வெறும் கண்ணாடியிலும் வளையம் வளையமாகத் தெரிந்தால் லென்ஸ் தூசி. 10 மடங்கு லென்ஸும் 15 முதல் 25 மைக்ரோமீட்டர் ஊசித்துளையும் கற்றையைச் சுத்தமாக்கும். படலத்தில் அகலமான கோடுகள் தெரிந்தால் கண்ணாடியின் பின்பக்கத் தெறிப்பு, பின்னால் ஒரு சொட்டு கிளிசரின் வைத்துக் கறுப்புக் கண்ணாடியை ஒட்டுங்கள்.

படலமே கஞ்சித்தண்ணி போல வெளுத்திருந்தால் இரண்டில் ஒன்று. திரவப்படிகக் களங்கள் திசைக்கொன்றாக நின்று ஒளியைச் சிதறடிக்கலாம், அல்லது ஈரம் பிடித்துப் பூத்திருக்கலாம். ஹாட் பிளேட்டில் வைத்துத் தெளிவு வெப்பநிலையைத் தாண்டுங்கள். அந்த நொடியே கண்ணாடி போலத் தெளிந்தால் களம், கட்டியில் போட்டுக் குளிர்வித்தால் தீர்ந்தது. தெளியவில்லை என்றால் ஈரம், அந்தப் படலத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பூப்பு நிச்சயம் வரும். குளோரோஃபார்ம் வேகமாக ஆவியாகும்போது படலம் குளிர்ந்து காற்றின் ஈரம் துளித்துளியாக அதில் இறங்கிக் குழி பறிக்கும். டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) கரைப்பான் இன்னும் மோசம், தானே தண்ணீரை இழுக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிய நாளில் 130 டிகிரியில் கொதிக்கும் சைக்ளோபென்டனோனுக்கு மாறுங்கள், முதலில் சிறு குப்பியில் பாலிமர் கரைகிறதா என்று பார்த்துவிட்டு. கண்ணாடித் துண்டை 50 டிகிரிக்குச் சூடாக்கி, ஸ்பின் கோட்டரின் (கரைசலைச் சுழற்றிப் படலமாக்கும் கருவி) மூடிக்குள் நீல சிலிகா ஜெல் கிண்ணம் வைத்து, அது இளஞ்சிவப்பாகும் முன் மாற்றுங்கள். மே மாதத்தில் தொல்லை வேறு: குளோரோஃபார்ம் சொட்டும்போதே காய்ந்து ஆரஞ்சுத் தோல் போலத் திரளும். அதற்கும் மெதுவாக ஆவியாகும் கரைப்பான்தான் பதில்.

எடையில் 5% கரைசல், நிமிடத்துக்கு 1500 சுற்று, 30 நொடி என்று தொடங்குங்கள். பல பாலிமர்களில் அரை மைக்ரோமீட்டருக்கு அருகில் வரும். 8, 10 சதவீதத்தில் ஒரு மைக்ரோமீட்டரை எட்டலாம். கரைசலை 0.45, பிறகு 0.2 மைக்ரோமீட்டர் டெஃப்லான் வடிகட்டியில் விடுங்கள். கண்ணாடி சிரிஞ்சு மட்டுமே: ரப்பர் உலக்கையை குளோரோஃபார்ம் கரைத்து, அது படலத்தில் வழவழப்பான புள்ளிகளாக வரும். மையத்திலிருந்து வால்நட்சத்திரம் போலக் கோடு ஓடினால் தலையில் ஒரு தூசி இருக்கிறது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரி மணல் பறக்கும் நாளில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படலம் போட்டால் அந்தச் செம்மண்ணே தலையாக இருக்கும். கண்ணாடித் துண்டைப் போர் தண்ணீரில் கடைசியாக அலசாதீர்கள், உப்பு வட்டம் காய்ந்து நிற்கும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் முதல் அலசலுக்குப் போதும், கடைசி அலசல் அயனி நீக்கிய நீரில், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்.

அழிக்க முடியவில்லை

டீஜியைத் தாண்டிச் சூடாக்கினால் அழியும் என்பது படிகத்தன்மை இல்லாத அசோ பாலிமருக்குப் பொருந்தும். திரவப்படிகப் பாலிமரில் டீஜிக்கும் தெளிவு வெப்பநிலைக்கும் இடையில் கீற்றணி சில நேரம் இன்னும் வலுக்கும், ஏனென்றால் எழுதிய திசையைப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கத்துக் கிளைகளும் அணிவகுக்கின்றன. தெளிவு வெப்பநிலைக்கு மேலே கொண்டுபோய், முதல் வரிசை சுழியாவதைக் கண்ணால் பார்த்துவிட்டு இறக்குங்கள். கண்ணாடித் துண்டில் இடம் இடமாக மட்டும் அழிக்க, எழுதிய அதே லேசரின் ஒற்றை வட்டத் தளவிளைவுக் கற்றையைச் சில நிமிடம் காட்டினால் உள்ளிருக்கும் திசை கலையும். மேடுபள்ளம் அதற்கு முழுதாக அசையாது, அதற்குச் சூடுதான். இரண்டு மூன்று முறை அழித்து எழுதியபின் ஒற்றைக் கற்றைச் சோதனையை மறுபடி ஓட்டி, ஏறும் அளவைப் புதுப்படலத்தின் அளவோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்திருந்தால் சாயம் தேய்ந்திருக்கிறது, அடுத்த எழுத்துக்குப் புதுத் துண்டை எடுங்கள்.